காத்திருக்காத இயந்திரங்கள்

போன வாரம் என் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. அனுப்பியவன் என் அண்ணனின் சிநேகிதன். அந்தக் காலத்தில் ஸ்ரீரங்கத்துப் பையன், சைக்கிளில் காவிரிப் பாலத்தைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வருவான். இப்போது கே.கே. நகரில் சொந்த வீடு, தலையில் முடி இல்லை, காலையில் சர்க்கரைக்கு மாத்திரை. வரப்போகும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்கான அந்த வீடியோவில் மனிதர்கள் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் பிரம்மாண்டமான இரும்பு இயந்திரங்கள் ஓர் இடிந்த ஊருக்குள் நடந்து வருகின்றன. ஒன்று நாலு கட்டம் நகர்ந்து நிற்கிறது. அதற்குப் பிறகுதான் எதிரி நகர்கிறான். தன் முறை வரும்வரை யாரும் கை வைக்கக்கூடாது, அந்தப் பழைய பாணி. கடைசியில் ‘விரைவில்’ என்று ஒரே ஒரு சொல்.

வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, கீழே ஜனங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். இந்தக் காலத்தில் எவன் முறை வரும்வரை உட்கார்ந்திருப்பான், தூக்கம் வருது என்று ஒரு பொடியன் எழுதியிருந்தான். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தூக்கம் வந்தால் போய்த் தூங்கேன், உன்னை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்?

அவனுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நம் வயசுக்காரர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டது உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். எங்கள் அம்மா அந்த உறைக்கு லேஸ் வேறு வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போகலாம். திரையை அணைத்த கையோடு முழங்கையை அருகில் கொண்டுபோனால் முடியெல்லாம் எழுந்து நிற்கும். சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும், அப்பா, எங்கள் வீட்டுப் பேச்சில் அத்தா, கொடுத்துவிட்ட அத்தர் வாசனையும் கலந்து அந்த அறைக்கென்று ஒரு வாடை இருந்தது. அதை இனி எங்கே போய் மோந்து பார்ப்பேன்!

எங்கள் வீடு ஆழ்வார்தோப்பில். அத்தாவுக்குச் சார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை, ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு. அண்ணனுக்குத் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிற நோய். சின்ன வயசில் படியேறும்போது முழங்காலில் கை ஊன்றித் தள்ளிக்கொண்டு ஏறுவான். சோம்பேறி என்று எல்லோரும் திட்டினார்கள். பிறகுதான் டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். நான் சொல்லப்போகிற அந்த வருஷம் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை நடப்பான். கை தோளுக்கு மேல் போகாது. விரல்கள் மட்டும் மிச்சம் இருந்தன.

அந்த விரல்களுக்குத் தோதாக ஒரு விளையாட்டு அமைந்தது. ஸ்ரீரங்கத்துச் சிநேகிதனின் அத்திம்பேர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சிடி அது. அவன் சட்டைக்குள் பனியனோடு ஒட்டிவைத்து எடுத்து வந்து போட்டுக் கொடுத்தான். தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாகப் பிரித்த பூமி. நம் பக்கம் நாலு இயந்திரம், எதிரி பக்கம் எத்தனை என்று தெரியாது. ஒரு தடவை சுட்டால் இயந்திரம் சூடேறும். ரொம்பச் சூடேறினால் ஒரு முறை சும்மா நின்று ஆறவேண்டும். இதில் முக்கியம் என்னவென்றால், நாம் யோசித்து முடிக்கும்வரை எதிரி அசையமாட்டான். அரை மணி நேரம் யோசித்தாலும் நிற்பான். கார் ஓட்டுவது, குதிப்பது, சுடுவது என்று மற்ற எல்லா விளையாட்டிலும் அண்ணன் விரல் கொண்டுபோவதற்குள் செத்துவிடுவான். உலகத்தில் அவனுக்காக நின்றது இந்த ஒன்றுதான்.

தலையணை மேல் கையை வைத்துக்கொள்வான். மவுசை நகர்த்திவிட்டு மூச்சு வாங்குவான். நான் உதவிக்குப் போனால் கடித்துவிடுவான்.

“தொடாத. உன் கையால ஆடினா அது உன் ஆட்டம்.”

“தண்ணியாவது எடுத்துட்டு வரவா?”

“எடுத்துட்டு வா. வாயில ஊத்து. ஸ்கிரீனை மறைக்காத.”

வாய் அப்படி. நோயாளி என்றால் சாந்தமாக இருப்பார்கள் என்று யார் சொன்னது? என் அண்ணன் படுத்திய பாட்டுக்கு அளவே கிடையாது. ஆனால் ஆட்டத்தில் கெட்டிக்காரன். எப்போதும் எதிரியின் காலைத்தான் குறிவைப்பான். சிநேகிதனுக்கு அது பிடிக்காது.

“நெஞ்சுல அடிடா! அங்கதான் ஓட்டறவன் உக்காந்துண்டு இருக்கான். ஒரே அடில முடிஞ்சுடும்.”

“வேணாம். ஒரு காலை உடைச்சா போதும். துப்பாக்கி இருக்கும், மூளை இருக்கும், ஒண்ணும் பண்ண முடியாது. எனக்குத் தெரியும்டா.”

எனக்கு அப்போது அது ஒரு யுத்த தந்திரமாக மட்டும் காதில் விழுந்தது.

முதல் பாகத்தை எத்தனை தடவை ஜெயித்தான் என்று கணக்கில்லை. பங்குனி வெயில் ஆரம்பிக்கிற சமயத்தில்தான் சிநேகிதன் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். இரண்டாம் பாகம் வருகிறது! தீப்பெட்டி அளவுக்கு ஒரு படம், கீழே நாலு வரி. அந்தப் பக்கத்தை அண்ணன் கத்தரிக்கச் சொல்லித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டவைத்தான். இலையுதிர் காலத்தில் வெளியீடு என்று போட்டிருந்தது. திருச்சியில் ஏது இலையுதிர் காலம்? நமக்கு ஆவணி, புரட்டாசி என்று சிநேகிதன் பொருள் சொன்னான்.

படத்தைப் பெரிதாகப் பார்க்க தில்லை நகரில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனோம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், இடுப்பளவு பலகைத் தடுப்பு, பிளாஸ்டிக் நாற்காலி, ஏசிக் குளிரில் யாரோ தின்ற சமோசா வாடை. அது மாடியில் இருந்ததால் அண்ணன் வரமுடியாது. நானும் சிநேகிதனும்தான் போனோம். படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. தலை வந்தது. தோள் வந்தது. தோள்மேல் ரெண்டு பீரங்கி வந்தது. இடுப்புக்கு வந்தபோது லைன் கட்டாகிவிட்டது. மறுபடி போட்டால் மறுபடியும் தலையிலிருந்து ஆரம்பித்தது, மறுபடியும் இடுப்போடு நின்றது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

“கால் எப்படி இருந்துச்சு?”

“கால் வரல.”

“ரெண்டு காலா, நாலு காலா?”

“வரலன்னு சொல்றேன்ல!”

“உன்னை அனுப்புனேன் பாரு, என்னைச் சொல்லணும்” என்று தலையில் அடித்துக்கொள்ளப் போனான். கை பாதிவரைதான் ஏறியது. மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த வருஷத்தில் நாங்கள் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

மாமு வந்ததும் எல்லாம் கெட்டது. மாமு அம்மாவுக்குத் தம்பி, பெரிய கடைவீதியில் பை கடை வைத்திருந்தார். அத்தா ஊரில் இல்லாத வீட்டுக்கு அவர்தான் ஆண்பிள்ளை. யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள், உட்கார்ந்தே இருப்பதால்தான் கால் மரத்துப்போகிறது, கம்ப்யூட்டர்த் திரையிலிருந்து வரும் கதிர் தசையை உறிஞ்சுகிறது என்று.

“அக்கா, முதல்ல அந்தச் சனியனை மூட்டை கட்டு. புள்ள நடந்தா சரியாயிடுவான்.”

“டாக்டர் ரொம்ப அலுப்பு கூடாதுன்னாரே?”

“டாக்டர் சொன்னதைக் கேட்டுத்தான இப்படிக் கிடக்கான்? விடுக்கா, நான் பாத்துக்கறேன்.”

கம்ப்யூட்டர் லேஸ் உறையோடு பரணுக்குப் போனது. விடியற்காலை சுப்ஹு தொழுகை முடிந்து வருகிற மாமு, அண்ணனின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடத்துவார். “நட தங்கம், நட ராசா, இன்னும் கொஞ்சம்” என்று கெஞ்சுவார், பிறகு அதட்டுவார். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். ஒருநாள் சாக்கடைப் பக்கம் கால் மடங்கி விழுந்து உதடு கிழிந்தது. மாமு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். மறுநாளும் வந்தார். கெட்டவர் இல்லை, பாவம், அவருக்குத் தெரிந்த பாசம் அது. அந்த நடையில்தான் அவன் காலில் மிச்சமிருந்ததும் போனது என்பதை நான் நர்ஸிங் படித்த பிறகுதான் புரிந்துகொண்டேன். அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தை எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? மாமு அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார்.

கம்ப்யூட்டர் பரணில் இருந்த அந்த மாதங்களில் நாங்கள் தரையில் ஆடினோம். எங்கள் கூடத்துத் தரை அறுகோணக் கல் பதித்தது. அல்லா பார்த்துக் கொடுத்ததுபோல் அதே தேன்கூட்டுக் கட்டம். செண்ட் பாட்டில் மூடிகள் நம் இயந்திரங்கள், தைல பாட்டில் மூடிகள் எதிரி. தங்கநிற மூடி ஒன்று, கனமாக, அடியில் வெல்வெட் ஒட்டியது, அதுதான் தளபதி. வரப்போகும் இரண்டாம் பாகத்துக்கு அண்ணன் அதில்தான் ஒத்திகை பார்த்தான். படுத்தபடி சொல்லுவான், சிநேகிதன் நகர்த்துவான், நான் எதிரி. அந்தத் தங்க மூடியை ஒரு பெருநாள் வெள்ளையடிப்பில் எங்கோ தொலைத்தோம். இன்றைக்கு அதற்கு என்ன விலை கேட்டாலும் கொடுப்பேன்.

ஆவணி வந்தது, விளையாட்டு வரவில்லை. பத்திரிகையில் தள்ளிவைத்துவிட்டதாகப் போட்டிருந்தான். ஐப்பசி என்றார்கள், அதுவும் போனது. அதற்குள் அண்ணன் நடப்பதை நிறுத்தியிருந்தான். மாமு தோற்றுப்போய் அவராகவே பரணிலிருந்து கம்ப்யூட்டரை இறக்கி வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனார். மறுபடி முதல் பாகம் ஓடியது. ஆனால் இடது கை முழுவதும் விழுந்துவிட்டது. வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் சொன்னபடி கேட்டன.

ஒருநாள் ஆள்காட்டி விரலை என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினான்.

“இது இருக்கறப்பவே வந்துடணும் குட்டி. தை வரைக்கும் தாங்கும்னு நினைக்கிறேன்.”

“தாங்கும்ணே.”

“நீ என்னத்தைக் கண்ட?” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்குப் பயம் வந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அத்தா போன் பண்ணுவார். போனை அண்ணன் காதில் நான் பிடித்துக்கொண்டு நிற்பேன். வேறு எதையும் கேட்காதவன் ஒருநாள் கேட்டான்.

“அத்தா, அந்த ரெண்டாம் பாகம் வந்துடுச்சாம். அங்க கடையில கிடைக்கும். லீவுக்கு வரும்போது வாங்கிட்டு வாங்க.”

“பேரை மட்டும் எழுத்து எழுத்தா சொல்லு தம்பி. இன்ஷா அல்லாஹ், நோன்புக்கு உன் கையில இருக்கும்.”

அண்ணன் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். அந்தப் பக்கம் அத்தா திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அந்த நோன்பு மாதம் முழுவதும் வீடு அத்தாவையும் அந்த விளையாட்டையும் எதிர்பார்த்துக் கிடந்தது. சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் தூக்குவாளியோடு நான் பள்ளிவாசலுக்குக் கஞ்சி வாங்கப் போவேன். திரும்பி வாசலில் கால் வைப்பதற்குள் உள்ளேயிருந்து கத்துவான், “அத்தா போன் இன்னும் வரல!” கஞ்சி ஊட்டும்போதும் அதே பேச்சு. தளபதியை எங்கே நிறுத்துவது, முதல் முறையில் யாரைச் சும்மா நிறுத்துவது. சிநேகிதன் மட்டும் வருவதை நிறுத்திவிட்டான். பரீட்சை என்று அவன் அம்மா போனில் சொன்னார். பரீட்சை இல்லை. வெகுநாள் கழித்து, பிள்ளைகுட்டி பெற்ற பிறகு என்னிடம் சொன்னான்: “புது ஆட்டம் எப்படின்னு எனக்கு முன்னாடியே தெரியும். நெட்ல படிச்சேன். அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்ற தைரியம் எனக்கு இல்ல.”

நோன்பு மாதத்தின் பெரிய இரவான இருபத்தேழாம் கிழமைக்கு முன்னால் அத்தா வந்து இறங்கினார். கயிறு போட்டுக் கட்டிய பெட்டிகள், பெட்டியெல்லாம் பெரிய எழுத்தில் பெயர். எப்போதும் முதலில் அம்மாவின் சேலைதான் வெளியே வரும். அந்த வருஷம் அத்தா சட்டைகூட மாற்றாமல், கைப்பையிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து அண்ணன் மடியில் வைத்தார். அட்டை முழுக்க நெருப்பு. அத்தா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“கடையில ஒரு மலையாளத்துப் பையன். பழசு மாதிரியே நல்லாருக்குமாப்பான்னு கேட்டேன். அதைவிட நல்லாருக்கும் இக்கா, பழசுல உன் முறை என் முறைன்னு காத்துக்கிட்டே கிடக்கணும், இதுல காத்திருக்கவே வேணாம், எல்லாம் ஒரே நேரத்துல ஓடும்னான். காத்திருக்கறது எம்புட்டுக் கஷ்டம்னு எனக்குத் தெரியாதா தம்பி?” என்று சொல்லிச் சிரித்தார்.

அண்ணன் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அத்தாவுக்கு விளங்கவில்லை.

போட்டோம். அத்தா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். திரை பழசைவிட அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். இயந்திரங்களுக்குக் கால் ரெண்டு. கட்டங்களைக் காணோம். அண்ணன் தலையணை மேல் கையை வைத்து, முதல் இயந்திரத்தைத் தொட்டு, எங்கே அனுப்பலாம் என்று யோசித்தான். பழைய பழக்கம். யோசித்து முடிப்பதற்குள் மலைக்குப் பின்னாலிருந்து அவர்கள் வந்துவிட்டார்கள். இவன் மவுசை நகர்த்துகிறான், அவர்கள் நிற்கவில்லை. மூச்சு வாங்குகிறான், அவர்கள் நிற்கவில்லை. ஒன்று வெடித்தது, பிறகு இன்னொன்று. இவனுடைய நாலும் வெடித்துத் திரை முழுக்கச் செக்கச்செவேலென்று எரிந்தது.

அத்தா துள்ளி எழுந்து கைதட்டினார். “மாஷா அல்லாஹ்! ஜெயிச்சிட்டியா தம்பி?”

தோற்றதைச் சொல்லும் எழுத்து வருவதற்குள் அண்ணன் பொத்தானை அழுத்திவிட்டான். அந்த ஒன்றில் மட்டும் அவன் விரல் வேகமாக இருந்தது.

“ஆமாத்தா. ஜெயிச்சிட்டேன்.”

“இந்தா, இங்க வந்து பாரு, அது வந்த அன்னிக்கே உன் மவன் ஜெயிச்சிட்டான்!” என்று அத்தா அடுப்படியைப் பார்த்துக் கத்தினார். அம்மா கரண்டியோடு வந்து நின்றார். இன்னொரு தடவை ஜெயித்துக் காட்டச் சொன்னார்கள்.

அந்த லீவு பூராவும் இதுதான் நடந்தது. பெருநாளைக்கு வந்த விருந்தாளிகளுக்கும் அத்தா காட்டினார். மாமுவும் வந்து ஓரமாக நின்று பார்த்தார். நாலு இயந்திரத்தையும் ஒட்ட நிறுத்தினால் ஒன்று வெடிக்கும்போது மற்றவையும் சேர்ந்து வெடிக்கும், நெருப்பு இன்னும் உயரமாக எழும் என்று அண்ணன் கண்டுபிடித்துவிட்டான். அப்படியே நிறுத்தினான். ஒவ்வொரு நாளும் அவன் தோற்றான், ஒவ்வொரு நாளும் அத்தா கைதட்டினார். நான் பின்னால் நின்று அழுகையை அடக்கிக்கொண்டிருந்தேன். ஒருமுறை வாயைத் திறக்கப் போனேன். அண்ணன் திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அத்தா கண்ணை மூடி மௌத்தாகும் வரை தெரிந்தவர்களிடமெல்லாம் அந்த வெற்றியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

லீவு முடிந்து அத்தா ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினார். அண்ணன் நெற்றியில் முத்தம் கொடுத்து, மூன்றாம் பாகம் வந்தால் உடனே போன் பண்ணச் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் வழியனுப்பிவிட்டுத் திரும்பியபோது அவன் அதே இடத்தில், அணைந்து உறை போட்டுக் கிடந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். விரல் இன்னும் ஆடியது. தை அப்போதுதான் பிறந்திருந்தது.

நான் உறையை விலக்கினேன். “அண்ணே, பழசைப் போடவா?”

“வேணாம்.”

“ஏன்? அது நிக்கும்ல, உனக்காக.”

“புதுசு வரப்போவுதுன்னு பழசை ஆடிக்கிட்டிருந்தேன் குட்டி” என்றான் அண்ணன். “அதான் வந்துடுச்சே.”